சண்முகவேல், உங்களுக்காகச் சில பொருட்கள்

1

நாற்பத்தொன்பது வயது முடிய இரண்டு மாதம் இருக்கும்போது ஓர் இணையக் கடை என்னைக் கிழவியாக்கத் தொடங்கியது. முதலில், குளியலறைச் சுவரில் பதிக்கும் ஸ்டீல் கைப்பிடிக் கம்பி. மறுவாரம், வழுக்காத ரப்பர் விரிப்பு. அடுத்து, உட்கார்ந்து குளிக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். பிறகு முழங்கால் உறை. இவற்றில் எதையும் நான் தேடியதில்லை.

தென்காசியில் இருக்கும் அம்மா அப்பாவுக்குச் சாமான் அனுப்புவதற்காக நான் வைத்திருந்த கணக்கு அது. மெல்பர்னில் விரலால் தொட்டால் நாலாம் நாள் தென்காசி வீட்டு வாசலில் பெட்டியோடு ஆள் நிற்பான். எனக்கும் அந்தக் கடைக்கும் அவ்வளவுதான் உறவு. அப்படிப்பட்ட கடை, என் வலது முழங்கால் படியேறும்போது முனகத் தொடங்கிய அதே வாரத்தில் முழங்கால் உறையைக் கொண்டுவந்து நீட்டியது. வலியை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சுரங்க வேலைக்காக மாதத்தில் பாதி நாள் வேறு மாநிலத்தில் இருக்கும் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. எலும்புக்குள் யாரோ காதை வைத்துக் கேட்கிறார்கள் என்று தோன்றியது.

எனக்கு நானே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டேன். நான் வேலை பார்ப்பது ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில். யாருக்குக் குழைந்த சோறு, யாருக்கு அரைத்த இறைச்சி, யாருக்கு உப்பில்லாமல் என்று நாளைக்கு மூன்று வேளைக்கும் பட்டியல் எழுதுவது என் பாடு. அங்கே எல்லா நடைவழிகளிலும் இரண்டு பக்கச் சுவரிலும் கைப்பிடி ஓடும். அதைப் பற்றிக்கொண்டு யார் யாருடைய தாயோ தகப்பனோ அங்குலம் அங்குலமாக நகர்வார்கள். என் கைப்பைக்குள் கிடக்கும் போன் அந்த நடைவழியை மோப்பம் பிடித்திருக்க வேண்டும். அப்படித்தான் நினைத்தேன். உடன் வேலை செய்பவர்களிடம் சொல்லிச் சிரித்தேன்.

‘விருப்பமில்லை’ என்ற பொத்தானை அழுத்தினேன். ஏன் என்று கேட்டு நான்கு காரணங்களை வரிசையாக வைத்தது. ‘இது எனக்கானது அல்ல’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். நன்றி, இனி இன்னும் பொருத்தமாகக் காட்டுகிறோம் என்றது. மறுநாள் காலை பேருந்தில் திறந்து பார்க்கிறேன், கம்பி திரும்பி வந்திருக்கிறது. இம்முறை இரண்டு நீளங்களில். மேலே எப்போதும் போல அந்த வாசகம்: சண்முகவேல், உங்களுக்காகச் சில பொருட்கள்.

2

சண்முகவேல் என் அப்பாவின் பெயர்.

எங்கள் பக்கம் ஆளுக்கு ஒரு பெயர், அதற்கு முன்னால் ஓர் எழுத்து. எஸ். கோமதி. அந்த ‘எஸ்’ஸுக்குள் அப்பா சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார். கடவுச்சீட்டு எடுக்கும்போது எழுத்தை விரிக்கச் சொன்னார்கள், விரித்தேன். இங்கே வந்ததும் குடும்பப் பெயர் எது என்றார்கள். அப்படி ஒன்று எங்களுக்குக் கிடையாது என்று சொல்ல அந்தப் படிவத்தில் இடமில்லை. கட்டம் காலியாக இருந்தால் கணினி அடுத்த பக்கம் போகாது. ஆகவே ஓரிடத்தில் சண்முகவேல் கோமதி ஆனேன், இன்னோரிடத்தில் கோமதி சண்முகவேல் ஆனேன். பல் மருத்துவர் வாசலில், வங்கியில், மகளின் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் அப்பாவைத்தான் கூப்பிட்டார்கள். நான் எழுந்து போனேன்.

அப்பாவிடம் இதைச் போனில் சொன்னபோது, “நடக்கட்டும்ட்டி. ரிட்டையர் ஆன பெறகும் நம்ம பேரு ஆபீஸ் ஆபீஸா போயிட்டு வருது” என்றார். சிவகிரி தாலுகா ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் தென்காசியிலிருந்து பஸ்ஸில் போய் வந்தவர். சந்தோஷத்தைக்கூட அலுவலகக் குறிப்பு மாதிரிதான் வெளியிடுவார்.

இந்தப் பெயர்ச் சிக்கலுக்கு ஒரு விலை இருந்தது. மகள் தாரா விசா இல்லாமல் இந்தியா போவதற்கான ஓ.சி.ஐ. அட்டையைப் புதுப்பிக்க அனுப்பினேன். தாயாரின் பெயர் ஒரு தாளில் ஒரு வரிசையிலும் இன்னொரு தாளில் வேறு வரிசையிலும் இருக்கிறது, விளக்கம் தேவை என்று திருப்பி அனுப்பினார்கள். உறுதிமொழிப் பத்திரம் வைத்து மறுபடி அனுப்பினேன். கையெழுத்து கட்டத்துக்கு வெளியே ஒரு நூல் அளவு போயிருக்கிறது என்று மறுபடி திரும்பியது. டிசம்பரில் ஊருக்குப் போவதாக இருந்தது ஜூனுக்குத் தள்ளிப்போனது.

நல்லதாப் போச்சு, ஜூன்னா சாரல் தொடங்கியிருக்கும், பிள்ளையை அருவிக்குக் கூட்டிட்டுப் போகலாம் என்றார் அப்பா. எதையும் நல்லதாப் போச்சு என்பார்.

3

போக முடியாதவர்கள் பெட்டி அனுப்புவார்கள். நான் நிறைய அனுப்பினேன்.

கால் அமுக்கும் இயந்திரம். எண்ணெய் இல்லாமல் பொரிக்கும் அடுப்பு. ஆவி பிடிக்கும் கருவி. எடை பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லும் தராசு. தானாகத் தரை துடைக்கும் ஒரு வட்டு. அந்த வட்டு ஒரே ஒரு நாள் ஓடிற்று. கட்டிலுக்கு அடியில் புகுந்து முனகியதைக் கேட்டு அம்மா விளக்குமாற்றைத் தலைகீழாகப் பிடித்து ஒரு போடு போட்டுவிட்டாள். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும், சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு தாங்கவில்லை.

ஒவ்வொரு பெட்டி சேர்ந்ததும் அப்பாவிடமிருந்து வாட்ஸப்பில் ஒரே ஒரு சொல் வரும். “பெறப்பட்டது.” பிடித்திருக்கிறதா, பயன்படுகிறதா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் அதற்கு மேலும் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். பெட்டி அனுப்பிய அன்று இரவு நன்றாகத் தூங்குவேன். ஒரு வாரம் தாங்கும். பிறகு மறுபடி பக்கத்தைத் திறப்பேன்.

பெட்டிகள் எங்கே வந்துகொண்டிருக்கின்றன என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று முந்தைய பயணத்தில் ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்து, அதில் என் கணக்கையே திறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன். வந்த மறுநாளே அதை மறந்தும் போனேன். என் பழைய டேப்லெட் தாராவிடம் போனது. அதிலும் அதே கணக்கு திறந்தே கிடந்தது. அதையும் மறந்தேன். ஒரே கணக்கு, மூன்று கண்ணாடிகள். எனக்குத் தெரிந்தது என் கையில் இருந்த ஒன்று மட்டும்.

4

இங்கே வருடத்துக்கு இரண்டு தடவை நகராட்சி லாரி வந்து வேண்டாத சாமான்களை அள்ளிக்கொண்டு போகும். அதற்கு முந்திய வாரம் தெரு முழுக்க வீடுகளின் குடல் வெளியே கிடக்கும். மெத்தை, தொட்டில், ஒற்றைக்கால் நாற்காலி, நடமாடப் பயன்படும் அலுமினியச் சட்டம். எங்கள் இல்லத்தில் யாராவது இறந்தால் அவர் அறையைக் காலி செய்ய வீட்டாருக்கு ஒரு வாரம் தருவார்கள். பெரும்பாலும் ஒரு மதியமே போதும். ஒரு மனிதருக்கு ஒரு கார் டிக்கி அளவு சாமான்தான் தேறும் என்று நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அந்தப் பயமோ என்னவோ, எனக்கும் வீட்டைக் காலி செய்யும் காய்ச்சல் பிடித்தது. ஞாயிறுதோறும் ஓர் அலமாரி. அலமாரி முடிந்து போனுக்குள் வந்தேன். மங்கலான படங்கள், பழைய செய்திகள், கடைசியில் அந்தக் கடையின் கார்ட். நான் போடாத பொருட்கள் அதற்குள் ஏறி உட்கார்ந்திருந்தன. கைப்பிடிக் கம்பி ஒன்று. இப்போது காட்டுவது போதாதென்று தானே எடுத்தும் வைக்க ஆரம்பித்துவிட்டதா என்று எரிச்சலோடு நீக்கினேன். சில வாரம் கழித்து அதே கம்பி. நீக்கினேன். இன்னும் சில வாரம் கழித்து மூன்றாம் முறை. கூடவே குளிக்கும் தொட்டியில் மிதக்கும் மஞ்சள் வாத்து இரண்டு. பிள்ளைகள் பிடிக்கும் சிவப்புக் குடை இரண்டு. எல்லாவற்றையும் வழித்துத் துடைத்தேன். கார்ட் காலியாக உள்ளது என்று அது அறிவித்தபோது ஓர் அறையைக் கூட்டிப் பெருக்கிய திருப்தி.

அன்று சாயங்காலம் தாரா என் அறை வாசலில் வந்து நின்றாள். பதினேழு வயது. என் அறைக்கு அவள் வருவதே அபூர்வம். கார்ட்டில் இருந்ததை நீயா அழித்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஆமாம், எல்லாம் குப்பை என்றேன். ஏதோ சொல்ல வந்தவள் சொல்லாமல் போனாள். அவள் பார்த்து வைத்த சட்டை ஏதோ சேர்ந்து போயிருக்கும், அதற்குத்தான் இந்த மூஞ்சி என்று நினைத்தேன். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. கதவு சாத்துவது அவள் அதிகம் பேசும் மொழி. அதை எப்போதும் தப்பாகவே புரிந்துகொண்டேன்.

5

சாரலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அப்பா போய்விட்டார். நெஞ்சுவலி. காலையில் காபி குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர்.

தாராவின் அட்டை அப்போதும் எங்கோ ஒரு மேசையில் இருந்தது. நான் மட்டும் போனேன். பதினாறு நாள், வந்தவர்களுக்குக் கும்பிடு, சான்றிதழ்களுக்கு வரிசை. இறப்புச் சான்றிதழில் அவர் பெயரைச் சரியாக எழுதியிருந்தார்கள். முன்னால் ஓர் எழுத்து, பின்னால் ஒரு பெயர். அதைப் பார்த்து நான் அழுதது அந்த எழுத்தருக்கு ஆச்சரியமாக இருந்தது. என்னோடு வந்துவிடு என்று அம்மாவைக் கூப்பிட்டேன். வருஷம் திரும்பட்டும், அதுவரைக்கும் விளக்கு அணையக் கூடாது என்றாள். மெல்பர்ன் திரும்பினேன். கடையின் பக்கத்தைத் திறந்தபோது கம்பி இல்லை, விரிப்பு இல்லை, ஸ்டூல் இல்லை. குக்கர் ரப்பர் காட்டியது, திரைச்சீலை காட்டியது. சனியன் ஒருவழியாக விட்டது என்று நினைத்தேன். எதனால் விட்டது என்று நினைத்துப் பார்க்கவில்லை.

6

இந்த வருடம் முதல் திதிக்குப் போனேன். தாராவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, பள்ளித் தேர்வுகள். கணவர் வீட்டில் இருக்கும் நாட்கள் பெரும்பாலும் சேரும்படி பார்த்து மூன்று வாரம் விடுப்பு எடுத்திருந்தேன். திதி முடிந்ததும் வீட்டை ஒழுங்கு செய்கிறேன் என்று இடுப்பில் முந்தானையைச் செருகினேன். ஒழுங்கு செய்வதில் எனக்குத்தான் பயிற்சி இருக்கிறதே.

பின்கட்டு அறையைத் திறந்தேன். கதவு பாதிதான் திறந்தது. உள்ளே தரையிலிருந்து ஜன்னல் மட்டம் வரை நான் அனுப்பிய பெட்டிகள். ஒவ்வொன்றிலும் வெள்ளைத் தாள் ஒட்டி, அப்பாவின் சாய்வான கையெழுத்து.

பொருள்: கால் அமுக்கும் இயந்திரம். நிலை: திறக்கப்படவில்லை.

பொருள்: பேசும் தராசு. நிலை: திறக்கப்பட்டது. மொழி புரியவில்லை.

பொருள்: தரை துடைப்பான். நிலை: தாக்கப்பட்டது.

நின்றபடி சிரித்தேன். பிறகு அந்தப் பெட்டிகளில் ஒன்றின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். திருப்பி அனுப்பியிருக்கலாமே என்று அம்மாவிடம் கேட்டதற்கு, திருப்பினால் அவளுக்குத் தெரிந்துவிடும் என்றாராம் அப்பா.

உள்ளே புழுங்கியது. குளிக்கப் போனேன். அப்போதுதான் அந்தக் கயிற்றைப் பார்த்தேன். குளியலறை ஜன்னல் கம்பியிலிருந்து தொங்கும் தடித்த நீல நைலான் கயிறு. சீரான இடைவெளியில் மூன்று முடிச்சுகள். முடிச்சுகள் மட்டும் சாம்பல் நிறமாய், வழவழப்பாய்த் தேய்ந்திருந்தன. போன வருடம் வந்தபோதும் இது இங்கேதான் தொங்கியிருக்க வேண்டும். துணி போட என்று எண்ணி அதில் என் துண்டைக்கூடப் போட்டிருப்பேன்.

தலை துவட்டிக்கொண்டே வந்து, அது எதற்கு என்று கேட்டேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“எந்திரிக்கதுக்கு. முட்டு மடக்குனா நிமுர மாட்டேங்குதுல்லா. உங்க அப்பாதான் கட்டுனாக. கீழ் முடிச்சு உக்காந்திருக்கையில, நடு முடிச்சு பாதி எந்திரிக்கையில, மேல் முடிச்சு நிக்கையில.”

“ஒரு கம்பி வேணும்னு சொல்லியிருந்தா அனுப்பியிருப்பேன்லாம்மா.”

அம்மாவின் விரல் அரிசியில் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். அதில் கோபம் இல்லை, நான் விளையாடுகிறேனோ என்ற சந்தேகம்தான் இருந்தது.

“அதத்தான கார்ட்டுல வச்சிருந்தாக. நீதான எடுத்துட்ட.”

பிறகு அவள் சொல்லச் சொல்லத்தான் முழுவதும் விளங்கிற்று. அப்பா இரவுச் சாப்பாட்டுக்கு முன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டேப்லெட்டில் தேடுவாராம். கம்பி, விரிப்பு, ஸ்டூல், அம்மாவின் முழங்காலுக்கு உறை. அம்மாவுக்கு முழங்கால் போனதும் எனக்கு முழங்கால் முனகியதும் ஒரே காலத்தில் நடந்தது. அந்தக் கடை என் எலும்புக்குள் ஒட்டுக்கேட்கவில்லை. அது கேட்டதெல்லாம் தென்காசியில் இரண்டு பேர் தங்களுக்குள் பேசிக்கொண்டதை. சண்முகவேல், உங்களுக்காக என்று அது சண்முகவேலிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நான்தான் இடையில் எழுந்து நின்று, எனக்கானது அல்ல என்று பதில் கொடுத்திருக்கிறேன்.

போனில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“நானும் அதத்தான் சொன்னேன். கேக்கப்படாதுன்னாக. கேட்டு வாங்குனா அது கெஞ்சுறதாம். கோப்ப வச்சிட்டு இருக்கணும், மேல இருக்கவ பாத்து உத்தரவு போடுவான்னாக. சிவகிரியில முப்பது வருசம் அப்படித்தான இருந்தாக.”

கடைத்தெருவில் வாங்கியிருக்கலாமே என்றால், ஒரு கோப்பு ஒரு மேசையில் இருக்கும்போது அதே பொருளை வேறு வழியில் வாங்குவது முறையில்லையாம். அதோடு இன்னொரு காரணமும் சொன்னாராம். அவ அனுப்புனதுன்னு ஒண்ணாவது இந்த வீட்டுல புழக்கத்துல இருக்கட்டும்.

குறிப்பு எதுவும் இல்லாமல் திரும்பி வரும் கோப்பை மூன்று முறை வைக்கலாம் என்பது அவர் கணக்கு. அதற்கு மேல் வைத்தால் அது பிடிவாதம். மூன்று முறையும் வைத்திருக்கிறார். மூன்று முறையும் நான் தள்ளியிருக்கிறேன்.

“மூணாந்தடவ போனதும் கொஞ்ச நேரம் அதையே பாத்துட்டு இருந்தாக. ‘காரணம் இல்லாம அவ தள்ள மாட்டா’ன்னாக. சட்டையப் போட்டுட்டுப் போயி கயிறு வாங்கிட்டு வந்துட்டாக.”

அம்மா மறுபடி கல் பொறுக்கத் தொடங்கினாள். கொஞ்சம் கழித்து, எனக்குச் சொல்வதுபோல் இல்லாமல் அரிசிக்குச் சொல்வதுபோல், பேரருவியில் பெண்கள் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குக் கீழே நின்ற கதையைச் சொன்னாள். அருவிக்கே கம்பி போட்டிருக்கான், அரை வாளித் தண்ணிக்கு நமக்கு இல்லாமப் போச்சே என்று அப்பா கேலி செய்வாராம். கேலிதான், வருத்தமில்லை என்று இரண்டு தடவை சொன்னாள்.

7

அன்று சாயங்காலம் தாராவைப் போனில் கூப்பிட்டேன். தாத்தா நம் கார்ட்டில் பொருள் போட்டுவந்தது உனக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

தெரியும் என்றாள். டேப்லெட்டில் அறிவிப்பு வருமாம், உங்கள் கார்ட்டில் ஒரு பொருள் காத்திருக்கிறது என்று. இது அம்மா தேடுகிற பொருள் இல்லையே, தாத்தாவாகத்தான் இருக்கும் என்று அவளுக்கு உடனே தோன்றியிருக்கிறது. எனக்கு ஒரு வருடம் தோன்றாதது அவளுக்கு ஒரு நிமிடத்தில் தோன்றியிருக்கிறது.

அவளுக்கும் என் அப்பாவுக்கும் பேச்சு ஓடாது. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அவர், “சாப்ட்டியாம்மா” என்பார். அவள், “சாப்ட்டேன் தாத்தா” என்பாள். இவள் தமிழும் அவர் ஆங்கிலமும் அந்த ஒரு கேள்வியோடு தீர்ந்துவிடும். பிறகு இரண்டு பேரும் திரையில் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். நான் போனைப் பிடுங்கிக்கொள்வேன்.

“முதல்ல அவன் கம்பி போட்டான்” என்றாள் தாரா. “பாத்ரூம் பொருள்னு நான் ஒரு வாத்து போட்டேன். மஞ்ச வாத்து. சும்மா. அடுத்த நாள் பாத்தா அது ரெண்டு ஆயிருந்துச்சு. அவன் ரெண்டு ஆக்கிட்டான்.”

வேறு நாளாக இருந்தால், அவன் இல்லை, அவர் என்று திருத்தியிருப்பேன். பத்து வருடமாகத் திருத்தி வந்தேன். திருத்தித் திருத்தித்தான் அவள் வாயை மூடவைத்தேனோ என்னவோ. பேசட்டும் என்று விட்டேன்.

பயணம் ஜூனுக்குத் தள்ளிப்போன பிறகு அவள் ஒரு சிவப்புக் குடை போட்டாளாம். நாங்கள் மழைக்கு வருகிறோம் என்று தாத்தாவுக்குச் சொல்ல. தமிழில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, அதனால் குடை. மறுநாள் அதுவும் இரண்டாகியிருந்தது.

“ரெண்டுன்னா அவனும் வரான்னு அர்த்தம்” என்றாள்.

இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீ கேக்கல, ம்மா.”

8

நாலாவது முறை கம்பியை நானே கார்ட்டில் வைத்தேன். நானே உத்தரவும் போட்டேன். கடைத்தெருவில் அரை மணி நேரத்தில் வாங்கியிருக்கலாம். ஆனால் அந்த வழியாகவே வரட்டும் என்று இருந்தது. மூன்றாம் நாள் வந்தது. அம்மா பெட்டியை வாங்கி, பேனா எங்கே என்று தேடினாள். தாள் ஒட்டத்தான். வேண்டாம்மா, இது திறக்கிற பெட்டி என்றேன்.

பக்கத்துத் தெரு அண்ணாச்சி ஒருவர் துளை போடும் இயந்திரத்தோடு வந்தார். டைல்ஸ் ஒட்டிய சுவர், அவசரப்பட்டால் விண்டுவிடும் என்று மெதுவாகத் துளைத்தார். அம்மாவை ஸ்டூலில் உட்காரவைத்து, எழவைத்து, கை எட்டுகிற உயரத்தைப் பென்சிலால் குறித்தார். இவ்வளவு சின்ன வேலை. காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. கம்பியைப் பிடித்துத் தொங்காத குறையாக இழுத்துப் பார்த்துவிட்டு, “கயித்த அவுத்துரட்டுமா ஆச்சி? இனிமே எதுக்கு?” என்றார்.

“அது கெடக்கட்டும்” என்றாள் அம்மா.

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். மலைப் பக்கமிருந்து காற்று திரும்பியிருந்தது. சாரலின் முதல் தூற்றல், விழுகிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு, ஜன்னல் கம்பியிலும் கயிற்றிலும் பொடிப் பொடியாகப் படிந்தது.

பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டு வந்தேன். தாள்களைக் கிழிக்க மனமில்லை. அம்மாவை மறுபடி கூப்பிட்டேன். அடுத்த வருஷம் பார்ப்போம் என்றாள். அவளும் சிவகிரி ஹெட் கிளார்க்கோடு குடும்பம் நடத்தியவள்தானே. மறுப்பைக்கூட நிலுவையில்தான் வைப்பாள்.

9

திரும்பி வந்த மறுநாள் வேலைக்குப் போனேன். நடைவழியில் முதல் தடவையாகக் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு நடந்தேன். யாரும் பார்க்கவில்லை. குளிர்ச்சியாக இருந்தது.

கடை விடவில்லை. கம்பி வாங்கியவர்கள் அடுத்து இவற்றையும் வாங்கினார்கள் என்று ஒரு வரிசை காட்டுகிறது. நடக்க உதவும் சட்டம், கட்டிலோடு வைக்கும் கழிப்பு நாற்காலி, பக்கத்தில் தடுப்பு வைத்த கட்டில், அதற்கு அடியில் விரிக்கும் ரப்பர் துணி. இல்லத்தில் நான் நாள்தோறும் பார்க்கிற வரிசைதான், அதே ஒழுங்கில். எங்கள் வீட்டில் இனி வரப்போவதை யாரோ முன்கூட்டியே அறிந்து, தள்ளுபடியும் போட்டு வைத்திருக்கிறார்கள். விருப்பமில்லை என்ற பொத்தான் பக்கத்திலேயே இருக்கிறது. அதை இப்போது நான் அழுத்துவதில்லை. படித்துவிட்டு அம்மாவைக் கூப்பிடுகிறேன். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறேன். எனக்கு என்ன வேண்டிக் கிடக்கு என்கிறாள். மறுநாள் மறுபடி கேட்கிறேன். மூன்று முறை என்ற கணக்கு எனக்கு இல்லை.

போன ஞாயிறு கார்ட்டில் ஒரு பொருள் இருந்தது. சிவப்புக் குடை. எண்ணிக்கை ஒன்று.

தாராவின் கதவைத் தட்டினேன். காதில் இருந்ததைக் கழற்றினாள். யாருக்கு என்று கேட்டேன். “ஆச்சிக்கு” என்றாள். “அவளுக்கு வேணுமான்னு கேளு.”

கேட்டேன். அம்மா அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தாள். ஈரத் தலையில் துண்டு. திரையில் பாதி முகமும் மீதி கூரையுமாகத் தெரிந்தாள். பின்னால் சாரல் சத்தம். எதைப் பிடித்துக் குளித்தாய் என்றும் கேட்டேன், குடை வேண்டுமா என்றும் கேட்டேன். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில் சொன்னாள்.

“ஒரு கையில கம்பி, ஒரு கையில கயிறு. கொடைக்குக் கை எங்கட்டி இருக்கு?”

தாரா என் தோளுக்குப் பின்னால் நின்று சிரித்தாள். எல்லாம் புரிந்திருக்கிறது. ரெண்டையும் விட்டுவிடாதே ஆச்சி, குடையை நான் வந்து பிடிக்கேன் என்று சொல்ல முயன்று, பாதியில் வார்த்தை கிடைக்காமல் கையை மேலே தூக்கிக் குடை பிடிப்பதுபோல் காட்டினாள். அம்மாவும் அந்தப் பக்கம் கையைத் தூக்கிக் காட்டினாள்.

போனை வைத்த பிறகு குடையை வாங்கினேன். கடைசிப் பொத்தானை அழுத்துமுன் என் விரல் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் போய் நின்றது. ஒன்று என்றிருந்தது. அதை இரண்டாக்க என்னால் முடியவில்லை. ஒன்றாகவே அனுப்பினேன்.